நோட்டீசுக்கு முகவரி உண்டு, செல்போன் செய்திக்கு?

மேனாம்பேட்டில் தேர்தல் வந்துவிட்டால் வீட்டு வாசலில் நோட்டீஸ் விழாத நாள் இராது. காலையில் ஒரு கட்சிக்காரர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம் பார்த்து, மாலையில் இன்னொரு கட்சிக்காரர்கள் வருவார்கள். இரு தரப்பாரும் ஆளுக்கு ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அந்தத் தாளில் தலைவரின் படம் பெரிது. வேட்பாளரின் படம் அதைவிடச் சிறிது. வாக்குறுதிகள் இன்னும் சிறிது. எல்லாவற்றிலும் சிறியது, அடியில் ஓரமாக இருக்கும் ஒரு வரி. அச்சிட்டவர் இன்னார், வெளியிட்டவர் இன்னார் என்று பொடி எழுத்தில் அதில் இருக்கும். அந்த வரியை அநேகமாக யாரும் படிப்பதில்லை. ஆனால் அந்தத் தாளிலேயே மிக முக்கியமான வரி அதுதான்.

அதே வீட்டில், அதே வேளையில், செல்போன் ஒலிக்கிறது. வேட்பாளர் ஏதோ சொன்னதாக ஒரு படம். தலைவர் ஏதோ பேசியதாக ஒரு குரல். அடியில் பொடி எழுத்தும் இல்லை. பெரிய எழுத்தும் இல்லை. அதைச் செய்தவர் யார்? பணம் கொடுத்தவர் யார்? எந்த ஊரிலிருந்து கிளம்பியது? அனுப்பிய சித்தப்பாவுக்கும் தெரியாது. பெற்றுக்கொண்ட அண்ணன் மகனுக்கும் தெரியாது.

இதைப் போன்ற விஷயங்களை ஆராய்வதற்கென்றே பல்கலைக் கழகங்களில் ஒரு படிப்பு இருக்கிறது. அரசியல் தொடர்பியல் என்று அதற்குப் பெயர். பெயர்தான் புதிது. விஷயம் டீக்கடை பெஞ்சைப் போலப் பழையது.

இரண்டு பேர் சாட்சி

நோட்டீசின் அடியில் இருக்கும் அந்த ஒரு வரி, அச்சகத்தார் விளம்பரத்துக்காகப் போட்டுக்கொள்வது அல்ல. அது சட்டம். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு அப்படிச் சொல்கிறது. தேர்தல் நோட்டீசிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகிய இருவரின் பெயரும் முகவரியும் இருந்தே தீர வேண்டும்.

அதோடு முடிந்துவிடவில்லை. நோட்டீஸ் அடிக்க வருகிறவர், தாம் இன்னார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அவரை நேரில் அறிந்த இரண்டு பேர் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அச்சடித்த பிறகு, அந்த உறுதிமொழியின் நகலும் நோட்டீசின் பிரதி ஒன்றும் தேர்தல் அதிகாரிகளுக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்தச் சட்டத்தின் கருத்து என்ன? யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லி ஓட்டுக் கேட்கலாம். ஆனால் சொன்னவர் ஒளிந்துகொள்ளக் கூடாது. அவரை முகம் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஜனநாயகத்தில் பேச்சுக்குச் சுதந்திரம் உண்டு. அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு முகவரியும் உண்டு.

செல்போன் செய்திக்கு அந்த முகவரி இல்லை. கட்டணம் கொடுத்து வெளியிடும் விளம்பரங்களுக்கு ஓரளவு கட்டுப்பாடு வந்திருக்கிறது. சமூக ஊடகங்களில் கட்சிகள் செய்யும் பிரசாரமும் தேர்தல் விதிகளுக்கு உட்பட்டதே என்று 2013-ல் தேர்தல் கமிஷன் அறிவித்தது. பேஸ்புக்கில் வரும் அரசியல் விளம்பரங்களில் பணம் கொடுத்தவர் பெயரைக் காட்டும் ஏற்பாடு இந்தியாவில் 2019-ல் வந்தது. ஆனால் ஒருவர் மற்றவருக்கு அனுப்பி, அவர் பத்துப் பேருக்கு அனுப்பும் செய்தி இந்த வலையில் சிக்குவதில்லை. 2018-ல் வாட்ஸ் அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு கட்டியது. அப்படி வரும் செய்தி வேறொருவரிடமிருந்து வந்தது என்ற குறிப்பையும் சேர்த்தது. வேறொருவர் என்றால் யார்? அதைத்தான் அந்தக் குறிப்பு சொல்வதில்லை.

ஐந்து கேள்விகள்

அரசியல் தொடர்பியல் படிப்பவர்களுக்கு முதல் வகுப்பில் ஐந்து கேள்விகளைச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். சொல்பவர் யார்? சொல்வது என்ன? எந்த வழியாகச் சொல்கிறார்? யாரிடம் சொல்கிறார்? அதனால் விளைந்தது என்ன? அமெரிக்க அறிஞர் ஹெரால்டு லாஸ்வெல் 1948-ல் இந்த வரிசையை வகுத்தார். முதல் உலகப் போரில் நாடுகள் செய்த பிரசாரத்தைப் பற்றி அவர் 1927-லேயே ஒரு நூல் எழுதியவர். பிரசாரத்தின் பலத்தைக் கண்டு உலகம் மிரண்டிருந்த காலம் அது. பத்திரிகையும் வானொலியும் ஊசி போடுவதுபோல ஜனங்களின் மனத்தில் எதையும் ஏற்றிவிடும் என்று அநேகர் பயந்தார்கள்.

அந்தப் பயம் சரிதானா என்று சோதித்துப் பார்த்தவர் பால் லாசர்ஸ்பெல்டு. 1940-ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் ரூஸ்வெல்டும் வில்கியும் போட்டியிட்டார்கள். லாசர்ஸ்பெல்டும் அவருடைய சகாக்களும் ஒஹையோ ராஜ்யத்தில் ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே 600 வாக்காளர்களை மாதாமாதம் சந்தித்துக் கேட்டார்கள். 1944-ல் முடிவு நூலாக வந்தது. படித்தவர்கள் வியந்தார்கள். பிரசாரத்தைக் கேட்டுக் கட்சி மாறியவர்கள் சிலரே. பெரும்பாலோர் ஏற்கெனவே எண்ணியிருந்ததையே உறுதிப்படுத்திக் கொண்டார்கள். பத்திரிகையைவிட, வானொலியைவிட அவர்களை அதிகம் அசைத்தது இன்னொன்று. அக்கம் பக்கத்தில் விஷயம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்த ஒருவரின் வார்த்தை!

மேனாம்பேட்டுக்காரர்களுக்கு இதை விளக்க ஆராய்ச்சி வேண்டியதில்லை. டீக்கடையில் பத்திரிகையை ஒருவர் படிப்பார். ஐந்து பேர் கேட்பார்கள். "அண்ணே, இது நிஜமா?" என்று ஒருவர் கேட்பார். அண்ணன் சொல்வதுதான் அன்றைய தீர்ப்பு. செய்தி முதலில் அவரிடம் போய்ப் பிறகுதான் ஊருக்குப் போகிறது. லாசர்ஸ்பெல்டு கண்டுபிடித்த இரண்டு படிகள் இவைதான்.

தமிழக வாக்காளர் பிரசாரத்துக்கு மயங்கிவிடுவார் என்று நினைப்பவர்கள் 1980-ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். ஜனவரியில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37 இடங்களை தி.மு.க., இந்திரா காங்கிரஸ் அணி வென்றது. அதே ஆண்டு மே மாதம் சட்டசபைத் தேர்தல். 234 இடங்களில் 129 இடங்களை அ.தி.மு.க. தனித்தே பிடித்து ஆட்சி அமைத்தது. அதே ஜனங்கள், கிட்டத்தட்ட அதே தலைவர்கள், அதே ஒலிபெருக்கிகள். ஆனால் டில்லிக்கு ஒரு கணக்கு, சென்னைக்கு ஒரு கணக்கு என்று வாக்காளர் பிரித்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவர் அப்படிச் செய்யமாட்டார்.

தமிழ்நாடே பரிசோதனைக் கூடம்

உண்மையில் இந்தப் படிப்புக்குத் தமிழ்நாட்டைவிட நல்ல பரிசோதனைக் கூடம் உலகில் அதிகம் இல்லை. மேனாம்பேட்டுக்குப் பக்கத்து ஆவடியில் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. "சோஷலிச மாதிரி சமுதாயம்" என்ற சொற்றொடர் அங்கே தீர்மானமாக நிறைவேறியது. பிறகு அது மேடைகளில் ஒலித்தது. பத்திரிகைத் தலைப்புகளில் ஏறியது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்திலும் இடம் பெற்றது. ஒரு சொற்றொடர் பந்தலிலிருந்து புறப்பட்டு நாடு முழுவதும் எப்படிச் சுற்றுகிறது என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

1967 தேர்தலில் சொல்கூடத் தேவைப்படவில்லை. அந்த ஆண்டு ஜனவரி 12-ந் தேதி எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் ஆஸ்பத்திரியில் இருந்த அவருடைய படம் சுவரொட்டியாகத் தமிழகமெங்கும் பரவியது. பிரசாரத்துக்கு வெளியே வராமலே பரங்கிமலைத் தொகுதியில் அவர் வெற்றி பெற்றார்.

இன்னும் பின்னே போனால் 1908. தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தமிழில் பேசினார்கள். மில் தொழிலாளர்கள் கேட்டார்கள். அதுவரை அரசியல் என்பது படித்தவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும் விஷயமாகவே பெரிதும் இருந்தது. கூட்டத்தில் போலீசாரும் நின்று குறிப்பு எடுத்தார்கள். அந்தக் குறிப்புகள் பிறகு ராஜத்துரோக வழக்கில் சாட்சியமாயின. தமிழ் அரசியல் பேச்சைக் கவனமாகக் கேட்டு எழுதி வைத்த ஆதி மாணவர்கள் போலீசாரே என்று வேடிக்கையாகச் சொல்லலாம்!

ஆங்கிலத்தில் இருக்கும் அறிவு

போலீசாருக்குப் பிறகு அறிஞர்களும் வந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக் கழகப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து 1981-ல் ஒரு சிறு நூல் எழுதினார். சாதி, அந்தஸ்து வேறுபாடின்றித் தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் அரங்கம் சினிமாக் கொட்டகைதான் என்பது அவர் எடுத்துக்காட்டிய உண்மை. அதே 1981-ல் தியடோர் பாஸ்கரன், சுதந்திரப் போராட்டத்தில் நாடகமும் சினிமாவும் செய்த வேலையை நூலாக்கினார். எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992-ல் எம்.ஜி.ஆரின் திரை உருவம் அரசியலாக மாறிய விதத்தை ஆராய்ந்தார்.

மதுரையில் தங்கி மேடைப் பேச்சைக் கேட்டுப் படித்தவர் அமெரிக்கரான பெர்னார்டு பேட். சிகாகோ பல்கலைக் கழகத்தில் இதற்காகவே டாக்டர் பட்டம் பெற்றார். திராவிட இயக்கத்தார் மேடையில் கையாண்ட செந்தமிழ் நடை எப்படி ஓர் அரசியல் அடையாளமாயிற்று என்று அவர் 2009-ல் எழுதிய நூல் விளக்குகிறது. 2016-ல் அவர் காலமானார். 2021-ல் வெளிவந்த அவருடைய கடைசி நூல் இன்னும் பின்னே போகிறது. தமிழில் கூட்டம் கூட்டிப் பேசும் வழக்கத்தின் வேரைக் கிறிஸ்தவப் பாதிரிமார்களின் பிரசங்கத்திலும், 1847 டிசம்பர் 31-ந் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தொடங்கிய சைவப் பிரசங்கத்திலும் அது தேடுகிறது.

இந்த நூல்கள் எல்லாவற்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. தமிழ்ப் பேச்சைப் பற்றி, தமிழ்ச் சினிமாவைப் பற்றி, தமிழ் வாக்காளரைப் பற்றி எழுதப்பட்ட இவை எல்லாம் முதலில் ஆங்கிலத்திலேயே வெளிவந்தன. பாண்டியனின் நூல் "பிம்பச் சிறை" என்று தமிழில் வருவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே மேனாம்பேட்டில் தமிழில் படித்துப் பள்ளியை முடிக்கும் ஒரு பெண், தன் தாத்தா எந்தப் பேச்சைக் கேட்டு எந்தக் கட்சிக்குப் போனார் என்று அறிய விரும்பினால், முதலில் ஆங்கிலம் கற்க வேண்டியிருக்கிறது. தன் வீட்டுச் சாவியைப் பக்கத்து ஊரில் போய்க் கேட்டு வாங்குவது போன்ற நிலை இது.

"இதைப் படித்தால் என்ன வேலை?"

அந்தப் பெண் இந்தப் படிப்பில் சேரப் போவதாகச் சொன்னால் வீட்டில் எழும் முதல் கேள்வி என்ன? "ஏம்மா, அரசியல் பேசுறதுக்குக் காலேஜ் எதுக்கு? இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்பதாகத்தான் இருக்கும். தொழிற்சாலையில் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தகப்பனார் அப்படிக் கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை.

இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக் கழகம் போன்ற இடங்களில் அரசியல் தொடர்பியலுக்கென்றே முதுகலைப் பட்டம் உண்டு. தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் தனிப் பட்டமாக இல்லை. இதழியல், தொடர்பியல், அரசியல் விஞ்ஞானம் ஆகிய படிப்புகளுக்குள் ஒரு பகுதியாகவே இருக்கிறது. சென்னைப் பல்கலைக் கழகத்தில் இதழியல் கற்பிப்பது 1947-லேயே தொடங்கியது. ஆகவே அடித்தளம் புதிது அல்ல. அதன்மேல் எழும்பியிருக்கும் கட்டடம்தான் யோசிக்க வைக்கிறது.

இன்று இந்தப் படிப்புக்கு வேலை தரும் பெரிய முதலாளி தேர்தல் பிரசார நிறுவனங்கள். 2014 பாராளுமன்றத் தேர்தலில் பா.ஜ.க.வுக்காகப் பணி செய்து பெயர் பெற்றவர் பிரசாந்த் கிஷோர். 2021 தமிழகச் சட்டசபைத் தேர்தலில் அவரது ஐ-பேக் நிறுவனம் தி.மு.க.வுக்காக வேலை செய்தது. ஒரே கை, வெவ்வேறு கட்சிகள். இது குற்றம் அல்ல. வக்கீல் தொழிலைப் போல இதுவும் ஒரு தொழில். எந்தத் தெருவில் எந்தக் குறை பெரிது, எந்த வயதினருக்கு எந்தச் சொல் பிடிக்கும் என்று கணக்கெடுத்துக் கொடுப்பது அந்தத் தொழில். அதற்குப் படித்த இளைஞர்கள் வேண்டும். நல்ல சம்பளமும் கிடைக்கக் கூடும்.

ஆனால் வழக்கில் இரண்டு பக்கத்துக்கும் வக்கீல் உண்டு. இங்கே ஓட்டுக் கேட்கிறவர் பக்கம் மட்டுமே ஆள் இருக்கிறது. ஓட்டுப் போடுகிறவர் பக்கம் ஆள் இல்லை. பேச்சைத் தயாரிக்க நூறு பேரைப் பழக்கிவிட்டு, அந்தப் பேச்சைச் சோதிக்க ஒருவரையும் பழக்காமல் விட்டால் அந்தப் படிப்பு யாருக்குப் பயன்படும்?

மறைந்தவர் குரல்

இந்தக் கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதை 2024 காட்டியது. அந்த ஆண்டு ஜனவரியில் நடந்த ஒரு நூல் வெளியீட்டு விழாவில், 2018-ல் மறைந்த கருணாநிதி திரையில் தோன்றிப் பேசினார். பிப்ரவரி 24-ந் தேதி, 2016-ல் மறைந்த ஜெயலலிதாவின் குரலில் ஓர் உரையை அ.தி.மு.க. வெளியிட்டது. இரண்டையும் ஆக்கியது செயற்கை நுண்ணறிவு. கட்சிகளே முன்னின்று வெளியிட்டவை என்பதால் அவற்றில் ஒளிவு மறைவு இல்லை. தொண்டர்கள் பலர் கண்கலங்கக் கேட்டிருப்பார்கள்.

ஆனால் மறைந்தவரைப் பேச வைக்கும் கருவி, இருப்பவரையும் பேச வைக்கும். அவர் பேசாததைப் பேச வைக்கும். வெளிப்படையாகச் செய்பவரிடம் இருக்கும் கருவி ஒளிந்து செய்பவரிடமும் இருக்கிறது. 2024 மே 6-ந் தேதி தேர்தல் கமிஷன் கட்சிகளுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. இத்தகைய பொய்ப் படங்களும் குரல்களும் தங்கள் பக்கங்களில் இருப்பது தெரியவந்தால் 3 மணி நேரத்துக்குள் நீக்கிவிட வேண்டும் என்பது அந்த உத்தரவு. நல்ல உத்தரவுதான். ஆனால் 3 மணி நேரத்தில் ஒரு செய்தி மேனாம்பேட்டிலிருந்து புறப்பட்டு மதுரைக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூருக்குப் போய், வேறொரு மாமாவின் மூலம் மீண்டும் மேனாம்பேட்டுக்கே வந்துவிடும். மூலத்தை நீக்கினாலும் நகல்கள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சட்டம் வாசல் வரை வரும். வீட்டுக்குள் இருக்கும் செல்போனுக்குள் அது எட்டிப் பார்க்க முடியாது. எட்டிப் பார்ப்பதும் நல்லதல்ல. தனி மனிதர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதையெல்லாம் அரசாங்கம் சோதிக்கத் தொடங்கினால், பொய்யைவிடப் பெரிய ஆபத்து வந்து சேரும். 1908-ல் கூட்டத்தில் நின்று குறிப்பெடுத்த போலீசாரை மீண்டும் அழைப்பதாக அது முடியும்.

தெருவுக்கு ஒருவர்

அப்படியானால் வழி என்ன? 1940-ல் ஒஹையோவில் கண்ட உண்மையும், மேனாம்பேட்டு டீக்கடையில் தினமும் நடப்பதும் ஒரே வழியைத்தான் காட்டுகின்றன. ஜனங்கள் செய்தியைவிட, செய்தியைப் பற்றித் தெரிந்தவர் சொல்வதைக் கேட்கிறார்கள். அந்தத் தெரிந்தவர் உண்மையிலேயே தெரிந்தவராக இருந்துவிட்டால் போதும். "இதைச் சொன்னது யார்? முதலில் எங்கே வந்தது? யாருக்கு லாபம்?" என்று கேட்கும் ஒருவர் தெருவுக்கு ஒருவர் இருந்தால், முகவரி இல்லாத செய்தி அந்தத் தெரு முனையிலேயே நின்றுவிடும்.

பல்கலைக் கழகம் உருவாக்க வேண்டியது அந்த ஒருவரைத்தான். அதற்கு மூன்று காரியங்கள் அவசியம். முதலாவது, இந்தத் துறையின் நல்ல நூல்கள் தமிழில் வர வேண்டும். தமிழிலேயே எழுதப்படவும் வேண்டும். இரண்டாவது, மாணவர்கள் தங்கள் ஊர் நோட்டீஸ்களையும் பேச்சுக்களையும் செல்போன் செய்திகளையும் தேர்தலுக்குத் தேர்தல் சேகரித்து வைக்க வேண்டும். இன்று குப்பைக்குப் போகும் தாள்தான் நாளை சரித்திரம். மூன்றாவது, பிரசாரம் செய்யக் கற்பிக்கும் ஒவ்வொரு வகுப்புக்கும் இணையாக, பிரசாரத்தைப் பிரித்துப் பார்க்கக் கற்பிக்கும் ஒரு வகுப்பு இருக்க வேண்டும்.

வேலை கிடைக்குமா என்று கேட்ட தகப்பனாருக்கும் பதில் உண்டு. பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் செய்தியின் உண்மையைச் சோதிக்க ஆட்கள் வேண்டும். கல்லூரிகளில் கற்பிக்க ஆட்கள் வேண்டும். அதற்கும் மேலாக, தேர்தல் காலத்தில் அவரே தம் செல்போனை மகளிடம் நீட்டி, "இது நிஜமாம்மா?" என்று கேட்கும் நாள் வரும். அவள் சொல்லும் பதிலை மறுநாள் அவர் தொழிற்சாலைக் கேண்டீனில் பத்துப் பேருக்குச் சொல்வார்.

நோட்டீசை அச்சிட இரண்டு பேர் சாட்சி வேண்டும் என்றது சட்டம். செல்போன் செய்திக்குச் சாட்சி சொல்ல யாரும் வரப் போவதில்லை. அதைக் குறுக்கு விசாரணை செய்யவாவது வீட்டுக்குள் ஓர் ஆள் வேண்டும்.